அது டைனோசரும் இல்லை, 202 லட்சமும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் இங்கிலாந்துக் கடற்கரையில் கிடைத்த ராட்சத எலும்பைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நடிகர் வீட்டு நாய்க்குட்டிக்கே முக்கால் பக்கம் போய்விடுகிற காலத்தில் ஒரு பழைய எலும்புக்கு அரைப் பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ‘202 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கடல் டைனோசர்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தீர்களே, அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு. உள்ளே இன்னொன்று இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் படித்த ஆள் இல்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 11 வருஷம் எடைமேடை எழுத்தராக இருந்துவிட்டு இப்போது நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். காலி வண்டி எடை, சரக்கோடு எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிகர எடை, அதை நடைச்சீட்டில் எழுதி அடுத்த வண்டியைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் அன்றைக்கே டிரைவர் சண்டைக்கு வருவார், மாதக் கடைசியில் மேனேஜர் வருவார். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் கணக்கையும் பார்த்தேன். மில்லியன் என்றால் லட்சம் இல்லை, பத்து லட்சம். அந்த எலும்பின் வயது சுமார் 202 மில்லியன் என்று சொல்கிறார்கள், அதாவது 20 கோடியே 20 லட்சம் வருஷம். நீங்கள் போட்டது 2 கோடியே 2 லட்சம். நடுவில் 18 கோடி வருஷத்தைக் காணோம். எடைமேடையில் இப்படி நடந்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

சும்மா பிழை பிடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். 2 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் திமிங்கலம் இருந்தது, சுறா இருந்தது. இந்தப் பிராணியின் கூட்டமோ அதற்கும் 7 கோடி வருஷத்துக்கு முன்பே பூண்டற்றுப் போயிருந்தது. ஆக உங்கள் கணக்குப்படி அது செத்துப்போன பிறகு பிறந்திருக்க வேண்டும்.

அடுத்தது, டைனோசர். கட்டுரைக்குப் போட்ட படத்தில் நாலு காலும் அதில் நகமும் இருந்தன. என் தங்கச்சி மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், அவள்தான் எனக்குப் பேப்பரை வாசித்துக் காட்டுவாள் (கண்ணில் புரை, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்). “மாமா, கடல்ல நீஞ்சுறதுக்கு நகம் எதுக்கு?” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருக்கிறதா? டைனோசர் என்பது தரையில், காலை உடம்புக்கு நேர் கீழே ஊன்றி நடந்த ஒரு வம்சம். நம் வீட்டுக் கோழியும் காக்காயும் அதன் வாரிசுகள். இது வேறு கூட்டம். பெயர் இக்தியோசர், மீன்பல்லி என்று சொல்லலாம். தரையில் இருந்த ஏதோ ஊர்வனக் குடும்பம் 25 கோடி வருஷத்துக்குச் சற்றுப் பின்னே கடலுக்குத் திரும்பிப் போய், காலெல்லாம் துடுப்பாகி, உருவம் மீன் மாதிரி ஆகி, ஆனாலும் செவுள் வராமல் மூச்சுக்கு மட்டும் மேலே வந்துகொண்டே இருந்தது. முட்டை இடுவதற்குக் கரைக்கு வர முடியாது, அதனால் குட்டி போட்டது. ஜெர்மனியில் ஹோல்ட்ஸ்மாடன் என்கிற இடத்தில் வயிற்றுக்குள் குட்டியோடு அப்படியே கல்லான தாய்கள் கிடைத்திருக்கின்றன.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே வார்த்தை போதும், ஓங்கில், அதாவது டால்பின். மணப்பாட்டிலோ உவரியிலோ யாரிடமாவது ‘பல்லி வம்சத்தில் பிறந்த ஓங்கில்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். முக்கியமான வித்தியாசம், ஓங்கில் வாலை மேலும் கீழும் அடிக்கும், இது மீன் மாதிரிப் பக்கவாட்டில் வீசும். சம்பந்தமே இல்லாத இரண்டு வம்சம் ஒரே கடலில் ஒரே பிழைப்பைப் பார்த்ததால் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. கண் மட்டும் ஓங்கிலைப்போல் சின்னது இல்லை. டெம்னோடோன்டோசாரஸ் என்கிற ஒரு வகைக்குக் கண்ணின் குறுக்களவு 25 சென்டிமீட்டர் வரை இருந்திருக்கிறது, சாப்பாட்டுத் தட்டு அகலம். இருட்டுக் கடலில் ஆழத்தில் இரை தேடியிருக்கும்போல.

சரி, இந்த எலும்புக்கு வருகிறேன். நீங்கள் கடைசி நாலு வரியில் முடித்துவிட்ட பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

2020 மே மாதம், சாமர்செட் கடற்கரையில் புளூ ஆங்கர் என்கிற இடத்தில் ஜஸ்டின் ரெனால்ட்ஸ் என்கிறவரும் அவர் மகள் ரூபியும் புதைபடிவம் தேடி நடந்துகொண்டிருந்தார்கள். ரூபிக்கு அப்போது 11 வயது. முதலில் அப்பா கண்ணில் ஒரு துண்டு பட்டது, கொஞ்ச நேரத்தில் மகள் அதைவிடப் பெரிய துண்டைச் சேற்றுச் சரிவில் பாதி புதைந்த நிலையில் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் அதை வீட்டு ஷோகேஸில் வைத்துக்கொள்ளவில்லை. டீன் லோமாக்ஸ் என்கிற இக்தியோசர் ஆராய்ச்சியாளருக்குத் தகவல் சொன்னார்கள், அவர் பதில் போட்டார். கடிதம் போட்டால் பதில் வருகிற ஊர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு உடனே 2016-ல் அதே கரையோரம் லில்ஸ்டாக்கில் பால் டி லா சாலே என்கிற சேகரிப்பாளர் கண்டெடுத்திருந்த ஒரு எலும்பு நினைவுக்கு வந்தது. அதுவும் இதே மாதிரித் தாடை எலும்புதான், அதைப் பற்றி 2018-லேயே எழுதியிருந்தார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து திரும்பத் திரும்பக் கரைக்குப் போய்த் தேடினார்கள். கிடைத்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின, கடைசித் துண்டு 2022 அக்டோபரில் கிடைத்தது. சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு தாடை எலும்பு மட்டும் 2 மீட்டருக்கு மேல். 2024 ஏப்ரல் 17 அன்று ஆய்வுக் கட்டுரை வந்தது, இக்தியோடைட்டன் செவர்னென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள், செவர்ன் கழிமுகத்து ராட்சத மீன்பல்லி என்று பொருள். கட்டுரை ஆசிரியர்கள் வரிசையில் அப்பா பெயரும் இருக்கிறது, மகள் பெயரும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை, பேராசிரியர்களோடு ஒரே வரிசையில். இதை நீங்கள் ‘உள்ளூர்வாசிகள் சிலர்’ என்று எழுதிவிட்டீர்கள்.

உள்ளே இருக்கும் தப்பு என்றேனே, அது இதுதான். ‘25 மீட்டர் எலும்புக்கூடு கண்டெடுப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். எலும்புக்கூடே கிடைக்கவில்லை, கிடைத்தது கீழ்த்தாடையின் பின்பக்கத்து எலும்பு மட்டும். அப்படியானால் 25 மீட்டர் எங்கிருந்து வந்தது? கனடாவில் ஷோனிசாரஸ் சிகானியென்சிஸ் என்கிற உறவுக்காரப் பிராணியின் எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன, அது சுமார் 21 மீட்டர். அந்த மாதிரி உறவுக்காரப் பிராணிகளில் தாடை எலும்பு இவ்வளவு என்றால் உடம்பு இவ்வளவு என்று ஒரு விகிதம் இருக்கிறது, அதே விகிதத்தில் இதற்கும் போட்டால் 25 மீட்டர் வாக்கில் வருகிறது. நம்மூர் டவுன் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். எங்கள் பாஷையில் சொன்னால், காலி எடை தெரியாத வண்டிக்கு அதே மாடல் இன்னொரு வண்டியின் காலி எடையை வைத்துக் கணக்குப் போடுவது. தப்பில்லை, ஆனால் சீட்டில் ‘உத்தேசம்’ என்று எழுத வேண்டும். அவர்கள் எழுதியிருக்கிறார்கள், நீங்கள்தான் அந்த வார்த்தையைத் தூக்கிவிட்டீர்கள்.

இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். எலும்பை மெல்லிசாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, உள்ளே எலும்பு எப்படி வளர்ந்திருக்கிறது என்று ஆராய்ந்ததில், செத்த நேரத்தில் அதற்கு வளர்ச்சி முடிந்திருக்கவில்லை என்று தெரிந்திருக்கிறது. அத்தனை பெரிசுக்கும் இன்னும் வளர இடம் இருந்திருக்கிறது, பாருங்கள். கொஞ்ச காலத்திலேயே, சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்பு, எரிமலைகள் பெருவாரியாகப் பொங்கிய சமயம் ஒரு பெரிய அழிவு வந்தது. அதில் ராட்சத வகைகள் எல்லாம் போயின. அதற்கப்புறமும் மீன்பல்லிகள் 10 கோடி வருஷத்துக்கு மேல் இருந்தன, ஆனால் இந்த அளவுக்கு ஒன்றும் வளரவில்லை.

டைனோசர் என்று எழுதியதற்காக ரொம்ப வருத்தப்பட வேண்டாம். அதே செவர்ன் கரையில் ஆஸ்ட் என்கிற பாறைச்சரிவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சில பெரிய எலும்புத் துண்டுகள் கிடைத்தன, அவற்றை டைனோசரின் கால் எலும்பு என்றே பெரிய பெரிய ஆட்கள் 150 வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். லில்ஸ்டாக் எலும்பு கிடைத்ததும் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதெல்லாம் மீன்பல்லித் தாடையாகத்தான் இருக்க வேண்டும் என்று 2018-ல் திருத்தினார்கள். திருத்தம் போடக் கூச்சப்படவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என் கதை. சுரங்கத்தில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பி. உள்ளங்கையை விரித்த மாதிரிப் பெரிய சிப்பி, கல்லாகிப் போனது, அடுக்கடுக்காகக் கிடக்கும். சிமென்ட்டுக்குத் தேவையான சுண்ணாம்பே அதுதான், அதாவது 7 கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த சிப்பியை அரைத்துத்தான் நாம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். டாரஸ் லாரி டிரைவர்கள் நல்ல சிப்பிக்கல் கண்ணில் பட்டால் எடுத்து டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். ஒரு டிரைவர் ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் வந்து, “திருநெல்வேலி அண்ணாச்சி, இதப் பாருங்க, சக்கரம் மாதிரி இருக்கு” என்று ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். வட்டமான கல், மோர்க் கிண்ணம் அகலம், இரண்டு பக்கமும் நடுவில் பள்ளம். மேஜையில் நடைச்சீட்டு பறக்காமல் இருப்பதற்கு அதை வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அங்கேயே இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் ரூமுக்கு வெள்ளையடித்திருந்தார்கள், கல்லைக் காணோம். கேட்டதற்கு, கல்லுதானே, ஹாப்பரில் (கிரஷருக்குக் கல் கொட்டுகிற வாய்) போட்டாச்சு என்றார்கள். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அன்றைய சிமென்ட்டில் எங்கேயோ ஒரு வீட்டுச் சுவரில் அது இருக்கும்.

அப்புறம் 2017-ல் குஜராத் கட்ச்சில் லோடாய் கிராமத்துப் பக்கம் ஏறக்குறைய முழு இக்தியோசர் கிடைத்தது என்று செய்தி வந்தது, டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜி.வி.ஆர். பிரசாத் குழு தோண்டியது, ஐந்தரை மீட்டர், 15 கோடி வருஷம். அந்தப் படத்தில் முதுகெலும்பு வரிசையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வட்ட வட்டமாக, இரண்டு பக்கமும் பள்ளமாக, என் மேஜைக் கல் மாதிரியே. இக்தியோசரைத்தான் ஹாப்பரில் போட்டுவிட்டோமா என்று ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் விசாரித்ததில் அது இல்லை என்று தெரிந்தது. நாங்கள் வெட்டிய கல் 7 கோடி வருஷத்தது, மீன்பல்லிகள் 9 கோடி வருஷத்துக்கு முன்பே போய்விட்டன, அதனால் அதுவாக இருக்க வழியில்லை. பெரிய சுறாவின் முதுகெலும்பும் அதே உருவத்தில்தான் இருக்குமாம், அதுவாக இருந்திருக்கலாம். வெறும் உருண்டைக் கல்லாகவும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் 100 கிலோமீட்டருக்குள் இருந்திருப்பார், எனக்கு அது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாது, கொடுத்திருந்தால் கம்பெனிச் சரக்கைக் கடத்தினேன் என்று ஒரு மெமோ வந்திருக்கும்.

இங்கிலாந்தில் மட்டும்தான் மீன்பல்லி என்று உங்கள் கட்டுரையைப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. 1879-லேயே ரிச்சர்ட் லைடெக்கர் என்கிறவர் பழைய திருச்சினாப்பள்ளி ஜில்லாவில் கிடைத்த சில முதுகெலும்புகளை வைத்து ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார். வெறும் முதுகெலும்பை வைத்து இன்ன வகை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது பிற்பாடு வந்தவர்கள் கட்சி, ஆனால் மீன்பல்லி என்பதில் சண்டை இல்லை. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கம் போனால் செடிகொடி அதிகம் இல்லாமல் ஓடை ஓடையாக அறுத்துப்போன செம்பழுப்பு மண்மேடு கிடக்கும், கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம் மின்னும், துப்பாக்கிக் குண்டு மாதிரிக் கல்லான கணவாயின் உள்ளெலும்பு காலில் இடறும். அதுதான் அந்தக் கடலின் அடித்தரை, சுமார் 10 கோடி வருஷத்தது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லான மரம் கிடக்கிறது, 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. அரியலூர் வாரணவாசியில் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கிறோமே, அது இமயமலைப் பக்கத்துக் கடலில் இருந்த அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுப் பிராணியின் கல்லான ஓடு. அதே சாதிக்காரர்கள் இந்த மண்ணிலும் ஏராளம்.

ஆனால் இருக்கிற சொத்தை என்ன பாடு படுத்துகிறோம் என்றும் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் 1980-களில் புவியியல் ஆய்வுத்துறைக்காரர்கள் ஒரு பெரும் டைனோசரைத் தோண்டினார்கள் (இது நிஜமாகவே டைனோசர், நீங்கள் தாராளமாக அப்படிப் போடலாம்). யாதகிரியும் ஐயாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், பெருத்த உடம்புக்காரன். உலகத்திலேயே பெரிய பிராணிகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிற அளவுக்கு எலும்பு. ஆனால் அந்த எலும்பு இன்றைக்கு இல்லை. உதிர்ந்து போயிற்று. படமும் வரைபடமும்தான் மிச்சம். அப்படி ஒன்று இருந்ததா, இல்லை கல்மரத்தை எலும்பு என்று நினைத்துவிட்டார்களா என்று வெளிநாட்டில் வருஷக்கணக்காகச் சந்தேகப்பட்டார்கள், 2022-ல் ஐயாசாமியும் இன்னொருவரும் பழைய போட்டோக்களை வெளியிட்ட பிறகுதான் நிறையப் பேர் நம்பினார்கள். கையில் எலும்பு இருந்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை.

இன்னொரு பக்கம், இல்லாததை இருப்பதாக நினைப்பதிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது ஞாபகம் இருக்கலாம். போய்ப் பார்த்த புவியியல்காரர்கள் அது முட்டையே இல்லை, கடலடி வண்டல் உருண்டையாகத் திரண்ட கல் என்று சொன்னார்கள். முட்டை என்று வந்த செய்தியைப் பார்த்த அத்தனை பேரும் இல்லை என்ற செய்தியைப் பார்க்கவில்லை, எங்கள் தெருவில் இன்றைக்கும் அது முட்டைதான்.

தங்கச்சி மகள் கேட்ட அடுத்த கேள்வி, “நம்ம ஊர்ல கிடைக்குமா மாமா?” “கிடைக்காதுட்டி” என்றேன், முகம் வாடிவிட்டது. ஆனால் உண்மை அதுதான். நம் திருநெல்வேலிச் சீமையில் காலுக்குக் கீழே இருக்கிற பாறை பெரும்பாலும் எலும்புள்ள பிராணியே உலகத்தில் தோன்றாத காலத்தது. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கக் குவாரிகளில் உடைக்கிற கருங்கல் பூமிக்கு அடியில் வெந்து அமுங்கி வந்த கல். தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லும் அதே மாதிரி வெந்து பளிங்காகிப் போனதுதான், அரியலூர் மாதிரிச் சிப்பி அதில் தேடினால் கிடைக்காது. கடலோரத்தில் திருச்செந்தூர் வள்ளி குகை இருக்கிற மணற்பாறை, மணப்பாட்டுப் பாறை, இதிலெல்லாம் சிப்பித் தூள் உண்டு, ஆனால் மீன்பல்லிக் கணக்கில் பார்த்தால் அது நேற்றுப் பெய்த மழைக்கு முளைத்தது. தேரிக்காட்டுச் செம்மணலில் மனுஷன் செய்த குட்டிக் கற்கருவிதான் கிடைக்கும், அதற்குத் தனிப் பெருமை இருக்கிறது. நெல்லையில் மீன்பல்லி கிடைத்தது என்று யாராவது உங்களுக்கு போட்டோ அனுப்பினால் தயவுசெய்து ஒரு நாள் பொறுத்துப் போடுங்கள்.

அவளைச் சமாதானப்படுத்த 2016 ஜனவரியில் நான் பார்த்ததைச் சொன்னேன். அப்போது நான் லீவில் ஊரில் இருந்தேன். மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழிக் கரைகளில் 80-க்கு மேல் திமிங்கலங்கள் ஒதுங்கின, 45 செத்துப்போயின. கூட்டத்தோடு நானும் ஓடினேன். மீனவர்கள் படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டார்கள், சிலது திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. 1973-லும் இதே கரையில் 147 ஒதுங்கியதாகப் பழைய ஆட்கள் சொன்னார்கள். செத்ததையெல்லாம் ஜேசிபி வைத்துக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். இன்றைக்கு நாற்றமெல்லாம் போய், மேலே மணல் மூடி, உள்ளே எலும்பு இருக்கும். புதைபடிவம் ஆவதற்கு முதல் படி அதுதான், செத்த உடம்பு நாய் நரி இழுக்காமல் சீக்கிரம் மூடப்பட வேண்டும். அப்புறம் கோடிக்கணக்கான வருஷம் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும், நம் கரையில் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றேன். அவளுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று, அடுத்த முறை மணப்பாட்டுக்குப் போகும்போது இடத்தைக் காட்ட வேண்டுமாம்.

பெயர் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அதே இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் என்கிற ஊரில் 1811-ல் ஜோசப் ஆன்னிங் என்கிற பையன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான், அடுத்த வருஷம் அவன் தங்கை மேரி மீதி உடம்பைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு அப்போது 12 வயது. உலகத்து அறிஞர்கள் கவனித்த முதல் இக்தியோசர்களில் ஒன்று அது. தச்சர் மகள், அப்பா செத்துக் கடன், கிளிஞ்சலும் கல்லும் விற்றுப் பிழைத்த குடும்பம். பிற்பாடு 1823-ல் பிளீசியோசர் என்கிற நீளக் கழுத்துக் கடல் ஊர்வனத்தையும் முழுசாக அவளே கண்டுபிடித்தாள். அவள் தோண்டி எடுத்ததை வைத்து லண்டனில் கனவான்கள் கட்டுரை வாசித்தார்கள், பெரும்பாலும் அவள் பெயர் அதில் இருக்காது. லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1919-ல். மேரி செத்தது 1847-ல். ரூபியின் பெயர் கட்டுரையில் வருவதற்கு அந்த நாட்டுக்கே 200 வருஷம் பிடித்திருக்கிறது. நம் ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள், 1876-ல் ஜாகோர் தோண்டிப் பெர்லினுக்குக் கொண்டுபோனது, அப்புறம் அலெக்சாண்டர் ரீ தோண்டியது, இரண்டு துரை பெயரும் நமக்குத் தெரியும். மண்வெட்டி பிடித்து முதல் தாழியில் கை வைத்த நம்மூர் ஆள் யார்?

எனக்குக் கல் கொடுத்த டிரைவரின் பெயர் எனக்கும் ஞாபகம் இல்லை. வண்டி நம்பர் வேண்டுமானால் இன்னும் சொல்வேன், நடைச்சீட்டில் எழுதி எழுதிப் பழகியது. அதனால் எனக்குத் தோன்றுகிற வழியும் அந்தச் சீட்டுதான். அரியலூர், பெரம்பலூர்ச் சுரங்கங்களில் எடைமேடை ரூமுக்கு ஒரு மர அலமாரி, கூடவே கார்பன் வைத்த ஒரு ரசீதுப் புத்தகம். வித்தியாசமாக ஒரு கல் கண்ணில் பட்டால் டிரைவரோ பொக்லைன் ஆளோ கொண்டுவந்து கொடுக்கட்டும். யார் எடுத்தது, என்ன தேதி, சுரங்கத்தில் எத்தனையாவது பெஞ்ச் (படிபடியாக வெட்டுகிற தட்டு), மேலிருந்து விழுந்ததா கீழே கிடந்ததா, இந்த நாலையும் எழுதி ஒரு நகல் அவர் கையில், ஒன்று கல்லோடு. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் நல்ல கல்லும் பாதி ஊமை, அதனால்தான் பெஞ்ச் கேட்கிறேன். மாதம் ஒரு முறை வாரணவாசியிலிருந்தோ புவியியல் படிப்பு இருக்கிற ஏதாவது கல்லூரியிலிருந்தோ ஒருவர் வந்து பார்த்து, இது சும்மா கல், இது வேண்டும் என்று பிரித்துவிட்டுப் போகட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சும்மா கல்லாகத்தான் இருக்கும், அதை ஹாப்பரில் போட்டுக்கொள்ளட்டும், கம்பெனிக்கு ஒரு டன்கூடக் குறையாது. சாமர்செட்டில் யாரும் எடுக்காவிட்டால் அலை அரைத்துவிடும், இங்கே கிரஷர் அரைத்துவிடும், கெடு ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தவருக்குக் கடத்தல் மெமோ வராது என்று மட்டும் கனிம வளத்துறை ஒரு உத்தரவு போட்டால் போதும். புவிப் பாரம்பரிய இடங்களையும் பொருள்களையும் காப்பதற்கு என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது, அதில் பெரிய பெரிய அபராதமெல்லாம் போட்டிருந்தார்கள். அபராதம் இருக்கட்டும், கொண்டுவந்து கொடுக்கிறவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு யார் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிச் செய்தி போடும்போது கண்டெடுத்தவர் பெயரை முதல் பத்தியில் போடுங்கள், ‘உள்ளூர்வாசிகள்’ வேண்டாம். படம் கிடைக்காவிட்டால் எலும்பின் படத்தை மட்டும் போடுங்கள், நகம் வேண்டாம். தங்கச்சி மகள் ஒரு படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறாள், துடுப்பு நாலு, வால் பக்கவாட்டில், கண் பெரிசு, பக்கத்தில் அளவுக்கு இரண்டு டவுன் பஸ். பஸ்ஸில் ‘வண்ணார்பேட்டை’ என்று போர்டு எழுதியிருக்கிறாள், அதை அழிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. பிரசுரித்தால் சந்தோஷம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் வயதை ‘இருபது கோடியே இருபது லட்சம்’ என்று எழுத்தாலேயே போட்டுவிடுங்கள், செக்கில் எழுதுகிற மாதிரி. எண்ணில் போட்டால் மறுபடியும் புள்ளி எங்கேயாவது தள்ளி விழுந்துவிடும்.

இப்படிக்கு,
முன்னாள் எடைமேடை எழுத்தர்,
நாங்குநேரி வட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம், பழைய மேனேஜரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்)